கருவியா, கரையா, இடமாற்றமா, எச்சரிக்கையா: எரிமலையடி ஊர்களுக்கு எதை முதலில் செய்வது?

எரிமலையின் அடிவாரத்தில் உள்ள ஒரு வட்டாரத்தின் நிர்வாகத்திற்கு, மக்களின் பாதுகாப்புக்கென்று ஒரு தொகை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலை கடைசியாகச் சீறியது பாட்டன் காலத்தில். சரிவில் தோட்டங்கள், ஆற்றோரத்தில் ஊர்கள், அவற்றுக்கும் கீழே ஒரு நகரம். கிடைத்த தொகை எல்லாவற்றுக்கும் போதாது. மலையைச் சுற்றிக் கருவிகளைப் பதித்து ஒரு கண்காணிப்பு நிலையத்தை நடத்தலாம். ஆற்றின் குறுக்கே தடுப்பணைகளும் ஊரைச் சுற்றிக் கரைகளும் கட்டலாம். ஆபத்தான பகுதியில் இருப்பவர்களை வேறிடத்தில் நிரந்தரமாகக் குடியமர்த்தலாம். அல்லது, எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டு வாசலையும் எட்டுவதற்கான ஏற்பாட்டிலும், எட்டியபின் மக்கள் எழுந்து நடப்பதற்கான பயிற்சியிலும் அந்தப் பணத்தைப் போடலாம். இந்த நான்கில் எதற்கு முதலிடம் தருவது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி. செயல்படும் எரிமலை ஒன்றிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உலகில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் வாழ்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி ஏதோ ஓர் ஊருக்கு மட்டும் உரியதன்று.

ஒப்பிடத் தொடங்கும் முன், எதிலிருந்து காப்பது என்பதில் தெளிவு வேண்டும். எரிமலை என்றதும் நம் மனத்தில் வருவது செந்நிறத்தில் வழியும் குழம்பு. அது வீட்டையும் நிலத்தையும் விழுங்கும் என்பது உண்மைதான்; ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒருவர் நடந்தே விலகிவிடக்கூடிய வேகத்தில்தான் அது வருகிறது. உயிர்களைப் பெருமளவில் வாங்கியவை வேறு இரண்டு. ஒன்று, பல நூறு டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் கற்களும் கலந்து, தரையை ஒட்டியபடி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து வரும் தீச்சாம்பல் பாய்வு. 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவின் செயின்ட் பியர் நகரத்தில் ஏறத்தாழ 28,000 பேரைச் சில நிமிடங்களில் கொன்றது இதுவே. மற்றொன்று, உருகிய பனியோ ஏரி நீரோ மழையோ சாம்பலோடு கலந்து, ஆற்று வழியே ஈரச் சிமெண்டுக் கலவையைப்போல் இறங்கும் சேற்று வெள்ளம். எரிமலையியலார் இதை இந்தோனேசியச் சொல்லால் லஹார் என்று அழைக்கிறார்கள். இவற்றோடு, கூரைமேல் படியும் சாம்பலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மழையில் நனைந்துவிட்டால் அதன் எடை இரு மடங்குக்கு நெருங்கிவிடும்.

இந்த வேறுபாடே பாதி முடிவைச் சொல்லிவிடுகிறது. தடுப்பணை சேற்றை ஓரளவு நிறுத்தும். தீச்சாம்பல் பாய்வை நிறுத்தாது. தீச்சாம்பல் பாய்வுக்கு மனிதர் அறிந்த ஒரே மருந்து, அது வரும்போது அங்கே இல்லாமலிருப்பதுதான். அப்படி இல்லாமலிருப்பதற்கு இரண்டே வழிகள்: எப்போதுமே அங்கு வாழாமலிருப்பது, அல்லது சரியான நேரத்தில் புறப்பட்டுவிடுவது.

கருவிகள் எவ்வளவு சொல்லும்?

கருவிகளுக்கு ஆதரவான வாதத்தைப் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ மலையை விட வலுவாக எதுவும் சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்த அந்த மலை 1991 ஏப்ரல் 2 அன்று நீராவியைக் கக்கியது. பிலிப்பைன்ஸின் எரிமலை ஆய்வு நிறுவனத்தாரும் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தாரும் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க நிலநடுக்கமானிகளைச் சுற்றிலும் பொருத்தி, மலையிலிருந்து வெளியேறும் கந்தக டை ஆக்சைடை அளந்தார்கள். மே 13 அன்று நாளொன்றுக்கு 500 டன்னாக இருந்த அந்த வாயு, மே 28 அன்று 5,000 டன்னைத் தாண்டியது. அடுத்த சில நாட்களில் திடீரென்று மிகவும் குறைந்துபோனது. விவரம் அறியாதவர் இந்தக் குறைவைக் கண்டு மலை அடங்கிவிட்டது என்று மகிழ்ந்திருக்கக்கூடும். வாயு வெளியேறும் வழி அடைபட்டு உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்றும் அதைப் படிக்கலாம் என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கையாக இருந்தார்கள். ஐந்து படிகள் கொண்ட அபாய நிலை முறையை வகுத்து, ஒவ்வொரு படியாக உயர்த்தி, பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாவது பெரிய சீற்றம் அது. குறைந்தது 5,000 உயிர்களும் 25 கோடி டாலர் மதிப்புள்ள உடைமைகளும் காப்பாற்றப்பட்டன என்று அந்த இரு நிறுவனங்களும் பின்னர் கணக்கிட்டன. அன்றே ஒரு புயலும் தீவைக் கடந்ததால் நனைந்த சாம்பல் கூரைகளைச் சாய்த்தது. நூற்றுக்கணக்கானோர் அதில் இறந்தார்கள் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இதிலிருந்து சிலர் ஒரு சிக்கனமான முடிவுக்கு வருகிறார்கள். கொலம்பியாவில் 1985இல் நேர்ந்த பேரழிவுக்குப் பிறகு, 1986 முதல் அமெரிக்கா எரிமலைப் பேரிடர் உதவிக் குழு ஒன்றை நடத்திவருகிறது. அழைக்கும் நாட்டுக்குக் கருவிகளோடு வந்து நிற்பது அதன் பணி. மலை முனகத் தொடங்கிய பிறகு அத்தகைய குழுவை அழைத்துக்கொண்டால் போதாதா, ஆண்டு முழுவதும் ஆட்களையும் கருவிகளையும் ஏன் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. பினாட்டுபோ பத்து வாரங்கள் அவகாசம் கொடுத்தது. எல்லா மலைகளும் அப்படிக் கொடுப்பதில்லை என்பதே இதற்கு விடை. ஜாவாவில் உள்ள கெலுட் மலைக்கு 2014 பிப்ரவரி 13 அன்று இரவு 9.15 மணிக்கு மிக உயர்ந்த அபாய நிலை அறிவிக்கப்பட்டது. மலை வெடித்தது 10.50க்கு. இடையில் இருந்தது ஒன்றரை மணி நேரத்திற்குச் சற்றே கூடுதல். அந்த அவகாசத்தில் எந்த நாட்டுக் குழுவும் விமானம் ஏறியிருக்க முடியாது. மலையை ஆண்டுக்கணக்கில் அறிந்த உள்ளூர் நிலையம் இருந்ததால்தான் அந்த அறிவிப்பு சாத்தியமாயிற்று. இறந்தவர்களின் எண்ணிக்கை பத்துக்குள் நின்றது. தவிர, ஒரு மலையில் நாளுக்கு 30 சிறு அதிர்வுகள் என்பது வழக்கமா, விபரீதமா என்பதை அமைதிக் காலத்துப் பதிவுகள் இல்லாமல் எவராலும் சொல்ல முடியாது. நோயாளியின் இயல்பான நாடித்துடிப்பை அறியாத மருத்துவரின் நிலைதான் அது.

ஆனால் கருவிகளுக்கும் எல்லை உண்டு. ஜப்பானின் ஓன்டாகே மலை 2014 செப்டம்பர் 27 அன்று, இலையுதிர்கால வண்ணங்களைக் காண மலையேறிய மக்கள் உச்சியில் உணவருந்த அமர்ந்திருந்த நண்பகல் வேளையில் வெடித்தது. 63 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். அப்போது அபாய நிலை மிகக் கீழான படியில் இருந்தது. கற்குழம்பு மேலேறாமல், நிலத்தடி நீர் கொதித்து நீராவியாகச் சிதறும் இத்தகைய வெடிப்புகள் மிகக் குறைந்த முன்னறிகுறிகளோடு வருகின்றன. காங்கோவின் நியிராகோங்கோ 2021 மே 22 அன்று கோமா நகரை நோக்கிக் குழம்பை வழியவிட்டபோது, பின்னர் பதிவுகளை அலசியவர்களாலும் தெளிவான முன்னறிகுறி எதையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. மறுபுறம், 1976இல் குவாதலூப் தீவின் ல சூஃப்ரியேர் மலை குமுறியபோது 70,000க்கும் மேற்பட்டோர் மாதக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். எதிர்பார்த்த பெரிய சீற்றம் வரவே இல்லை. அந்த வெளியேற்றத்தைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன்; அன்று கையிலிருந்த தகவலுக்கு அது ஏற்ற முடிவுதான். ஆனாலும் மாதக்கணக்கில் தொழிலும் பள்ளியும் நின்றுபோன குடும்பங்களுக்கு அது உண்மையான இழப்பு. கருவிகளுக்கு நிதி ஒதுக்குபவர்கள் இத்தகைய பொய்த்த எச்சரிக்கையின் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கட்டுமானம்: சில பள்ளத்தாக்குகளுக்கு மட்டும்

கட்டுமானத்தின் கவர்ச்சி, அது கண்ணுக்குத் தெரிவதில் இருக்கிறது. அது வென்ற இடங்களும் உண்டு. ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவில் 1973 ஜனவரி 23 அன்று நள்ளிரவு கடந்து நிலம் பிளந்தபோது, துறைமுகத்தில் நின்றிருந்த மீன்பிடிப் படகுகள் ஏறத்தாழ 5,300 பேரையும் விடிவதற்குள் பெருநிலத்திற்குக் கொண்டுசென்றன. அதன் பிறகு மாதக்கணக்கில் கடல்நீரை இறைத்துக் குழம்பின் முகப்பை உறையவைத்து, துறைமுகத்தின் வாயைக் காப்பாற்றினார்கள். ஏறத்தாழ 400 வீடுகள் போயின. துறைமுகம் தப்பியதால் ஊர் மீண்டும் எழுந்தது. இத்தாலியின் எட்னா எரிமலையில் 1992இல் மண்கரைகளாலும் வெடிமருந்தாலும் குழம்பின் போக்கைத் திருப்பி ஸஃபெரானா என்ற ஊரைக் காத்தார்கள்.

குழம்பைத் திருப்புவதென்றால் அதை வேறெங்கோ அனுப்புவது என்பதும் பொருள். இது பழைய வழக்கு. 1669இல் எட்னாவின் குழம்பு தம் நகரை நோக்கி வந்தபோது கடானியா நகரத்தார் சிலர் நனைத்த தோல்களைப் போர்த்திக்கொண்டு, கடப்பாரைகளால் அதன் ஓரத்தை உடைத்துத் திசைமாற்றினார்கள். புதிய திசையில் பதெர்னோ ஊர் இருந்தது. அவ்வூரார் ஆயுதங்களோடு வந்து அந்த வேலையை நிறுத்தினார்கள். இன்றும் கரை கட்டுவோர் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி, திருப்பிவிடப்படும் குழம்பு யார் நிலத்தில் போய் நிற்கும் என்பதே.

கரை எங்கே கட்டப்படுகிறது என்பதற்கு மலை கட்டுப்படுவதும் இல்லை. ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக் நகரத்தைச் சுற்றிப் பெரும் மண்கரைகள் எழுப்பப்பட்டன. 2024 ஜனவரி 14 அன்று ஒரு பிளவு கரைக்கு உட்புறத்திலேயே திறந்து மூன்று வீடுகளை எரித்தது. அதே நாளில் வெளிப்புறத்தில் திறந்த பெரிய பிளவின் குழம்பை அந்தக் கரைகள் நகரத்திலிருந்து விலக்கிவிட்டன என்பதும் உண்மை. நகரத்து மக்கள் 2023 நவம்பர் 10 அன்றே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். கரை வீடுகளைக் காத்தது. உயிர்களைக் காத்தது முன்கூட்டிய வெளியேற்றம்.

கட்டுமானத்துக்குச் சாதகமாக என்னை மிகவும் யோசிக்க வைப்பது மேலே சொன்ன கெலுட் மலைதான். அதன் வாயில் ஓர் ஏரி இருந்தது. 1919இல் மலை சீறியபோது அந்த ஏரியின் ஏறத்தாழ 4 கோடி கனமீட்டர் நீர் சேற்று வெள்ளமாக இறங்கி, 5,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதற்குப் பிறகு மலைச்சுவரைக் குடைந்து சுரங்கங்கள் அமைத்து, ஏரியின் பெரும்பகுதியை வடித்துவிட்டார்கள். 1951இல் மலை மீண்டும் வெடித்தபோது இறந்தவர்கள் 7 பேர். நோயின் வேரையே அறுத்த வேலை அது. ஆனால் அந்த 1951 வெடிப்பு எரிமலை வாயை ஆழமாக்கிச் சுரங்கங்களையும் பாழாக்கியதால், நீர் மறுபடியும் தேங்கியது. 1966இல் 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பிறகு இன்னும் தாழ்வாகப் புதிய சுரங்கம் வெட்டப்பட்டது. ஒரு கட்டுமானம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், ஒவ்வொரு சீற்றத்திற்குப் பிறகும் அதை மறுபடி அளந்து பார்த்துச் செப்பனிடும் கை இல்லையென்றால், அது மக்களுக்குத் தருவது பாதுகாப்பு இருக்கிறது என்ற நினைப்பை மட்டுமே. சேற்றுத் தடுப்பணைகளுக்கும் இது பொருந்தும்: வண்டல் நிறைந்துவிட்ட அணை, அடுத்த வெள்ளத்திற்கு வெறும் படிக்கட்டுதான்.

இடமாற்றம்: சரியான யோசனை, கிடைக்காத சம்மதம்

தாளில் பார்த்தால் இதைவிட உறுதியான வழி கிடையாது. ஆனால் எரிமலைச் சரிவில் மக்கள் அறியாமையால் வாழவில்லை. சாம்பல் மண்ணை வளமாக்குகிறது. மலை மழையைப் பிடித்துத் தருகிறது. முன்னோரின் நிலமும் வழிபாடும் அங்கே இருக்கின்றன. வெசூவியஸ் மலையடியில் இருந்து விலகிச் செல்ல முன்வருவோருக்கு இத்தாலியின் கம்பானியா வட்டார அரசு 2003இல் 30,000 யூரோ வரை தருவதாகச் சொன்னது. அந்தப் பகுதியின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் அதை ஏற்றவர்கள் மிகச் சிலரே. நேப்பிள்ஸை ஒட்டி வீடும் வேலையும் உள்ள குடும்பத்தை நகர்த்தும் வலிமை அந்தத் தொகைக்கு இல்லை.

ஜாவாவின் மெராபி மலையில் 2010 சீற்றத்துக்குப் பிறகு நடந்தது இதைவிடப் பயனுள்ள பாடம். தென்சரிவில் அழிந்த சிற்றூர்களின் மக்களுக்குக் கீழே பாதுகாப்பான இடத்தில் நிரந்தர வீடுகள் கட்டித்தரப்பட்டன. மேலேயிருந்த நிலத்தில் புல் அறுக்கவும் பயிர் செய்யவும் அவர்கள் தொடர்ந்து போய்வருகிறார்கள். உறக்கம் கீழே, உழைப்பு மேலே. ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. ஆனால் எச்சரிக்கை எட்டுவதற்கு மிகக் கடினமான இரவு நேரம் அவர்களின் ஆபத்துக் கணக்கிலிருந்து கழிந்துவிட்டது.

இடமாற்றத்தின் இன்னொரு வடிவம் ஏறத்தாழச் செலவே இல்லாதது. ஆகவேதான் அதைப் பற்றிப் பேசுவோரும் குறைவு. புதிதாக எதையும் ஆபத்தான இடத்தில் கட்டாமலிருப்பதே அது. கரீபியனில் உள்ள மான்செராட் தீவின் தலைநகரான பிளிமத், எரிமலையின் பாதையில் இருக்கிறது என்று 1980களிலேயே ஓர் ஆய்வறிக்கை எச்சரித்திருந்தது. 1989இல் ஒரு சூறாவளி தீவைச் சிதைத்த பிறகு மருத்துவமனை உள்ளிட்ட முக்கியமான பொதுக் கட்டடங்கள் மீண்டும் பிளிமத்திலேயே எழுப்பப்பட்டன. 1995 ஜூலையில் மலை விழித்துக்கொண்டது. நகரம் கைவிடப்பட்டுச் சாம்பலில் புதைந்தது. எப்படியும் கட்டப்போகிற கட்டடத்தைச் சில கிலோமீட்டர் தள்ளிக் கட்டுவதற்கு, ஆபத்து வரைபடம் ஒன்று கட்டட அனுமதி தருபவரின் மேசைமேல் விரித்து வைக்கப்பட்டிருந்தால் போதும்.

எச்சரிக்கை எந்த வாசலில் நிற்கிறது?

கொலம்பியாவின் ஆர்மெரோ நகரத்தின் கதையை எரிமலைகளைப் பற்றி எழுதுவோர் எவரும் தவிர்க்க முடியாது. நெவாடோ டெல் ரூயிஸ் மலை ஓராண்டாகவே முனகிக்கொண்டிருந்தது. சேற்று வெள்ளம் ஆர்மெரோவை மூடும் என்று காட்டும் ஆபத்து வரைபடம் 1985 அக்டோபரில், அழிவுக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே தயாராகிவிட்டது. நவம்பர் 13 அன்று பிற்பகலிலேயே நகரத்தில் சாம்பல் விழத் தொடங்கியது. மாலையில், பதற்றம் வேண்டாம், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று மக்களுக்குச் சொல்லப்பட்டது. இரவு 9 மணியைச் சற்றுத் தாண்டி மலை வெடித்தது. எரிமலைகளின் அளவில் அது சிறிய வெடிப்புதான். ஆனால் உச்சிப் பனியை உருக்க அது போதுமானதாக இருந்தது. சேறு 70 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து 11.30 மணியளவில் நகரத்தை வந்தடைந்தது. ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் இருந்தது. மேட்டு நிலம் நடந்து போகும் தொலைவில்தான் இருந்தது. அந்த இரவில் மாண்டவர்கள் ஏறத்தாழ 23,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆர்மெரோவைச் சேர்ந்தவர்கள்.

வரைபடத்தை வரைந்தவர்களுக்கும் அந்த நகரத்தில் படுக்கைக்குப் போனவர்களுக்கும் இடையிலிருந்த இடைவெளியை ஒரு கூடுதல் கருவியோ ஒரு கூடுதல் அணையோ நிரப்பியிருக்காது என்றே நம்புகிறேன். மாலையில் சாம்பல் விழுந்தபோதே மேட்டுக்குப் போங்கள் என்று சொல்லும் அதிகாரமும் துணிவும் உள்ள ஒருவரும், அவர் சொன்னால் எழுந்து நடக்கும் பழக்கமுள்ள ஓர் ஊரும்தான் அங்கே இல்லாமற்போயின.

பப்புவா நியூகினியின் ரபௌல் நகரம் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 1937இல் அங்கு 500க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். 1983 முதல் 1985 வரை நிலம் குலுங்கிக்கொண்டே இருந்தபோது வெளியேறும் பாதைகள் திட்டமிடப்பட்டன, ஒத்திகைகள் நடந்தன; ஆனால் மலை வெடிக்காமல் அடங்கிவிட்டது. வீண் பரபரப்பு என்று பலர் குறைசொன்ன அந்த ஒத்திகைகள் 1994 செப்டம்பரில் கைகொடுத்தன. 27 மணி நேரம் மட்டுமே நீடித்த அதிர்வுகளுக்குப் பிறகு, 19ஆம் தேதி இரண்டு வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. முந்தைய இரவே, நிலம் ஆடும் விதத்தைப் பார்த்து 1937ஐ நினைவில் வைத்திருந்த முதியோர் கிளம்பச் சொன்னதாலும், போகும் வழி முன்பே தெரிந்திருந்ததாலும், மக்கள் தாமாகவே நகரத்தை விட்டு நடந்திருந்தார்கள். நகரத்தின் பெரும்பகுதி கூரை சரிந்து அழிந்தது. உயிரிழந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே.

எக்வடோரின் துங்குராஹுவா மலையடியில் உருவான ஏற்பாடு இன்னும் கவனமாகப் பார்க்கத்தக்கது. 1999 அக்டோபரில் பான்யோஸ் நகரமும் சுற்றுவட்டாரமும் கட்டாயமாக வெளியேற்றப்பட்டன. ஏறத்தாழ 25,000 பேர். அஞ்சிய பெருஞ்சீற்றம் வரவில்லை. வாரங்கள் கழிந்தன, பயிரும் கால்நடையும் கவனிப்பாரின்றிக் கிடந்தன. 2000 ஜனவரியில் மக்கள் இராணுவக் காவலை மீறித் தம் ஊருக்குள் திரும்பிவிட்டார்கள். அரசுக்கும் மக்களுக்கும் இடையில் நம்பிக்கை முறிந்த அந்தப் புள்ளியிலிருந்துதான் புதிய ஏற்பாடு பிறந்தது. சரிவில் வாழும் உழவர்களிலிருந்தே தன்னார்வலர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஆளுக்கொரு வானொலிக் கருவி தரப்பட்டது. காவற்காரர் என்று பொருள்படும் ‘விகியா’ என்ற பெயரால் அவர்கள் அழைக்கப்பட்டார்கள். ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்குக் கண்காணிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வரும். ஒருவர் பின் ஒருவராக, தம் பக்கத்துச் சரிவில் சாம்பல் விழுந்ததா, எவ்வளவு விழுந்தது, மலை எழுப்பிய ஒலி எப்படி இருந்தது, ஓடையில் சேறு இறங்கியதா என்று சொல்வார்கள். சரிவில் பதித்த கருவிகளைப் பராமரிப்பதிலும் அவர்களே கைகொடுத்தார்கள். ஆபத்து நெருங்கினால் தம் ஊரை எழுப்புவதும் அவர்களே.

இந்த ஏற்பாட்டில் என்னைக் கவர்வது அதன் அன்றாடத்தன்மை. மலை எதுவும் செய்யாத நாட்களிலும் அந்த 8 மணி அழைப்பு வந்தது. ஆகவே ஆபத்து வந்த இரவில் வானொலியில் ஒலித்தது அறிமுகமில்லாத அதிகாரியின் ஆணையாக இருக்கவில்லை. நேற்றும் முந்தாநாளும் கேட்ட குரலாகவே இருந்தது. ஆய்வாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு: மேகம் மூடிய நாட்களில் செயற்கைக்கோளுக்கும் புகைப்படக் கருவிக்கும் தெரியாததை, சரிவில் நிற்கும் உழவரின் காது சொல்லிவிடுகிறது.

மக்கள் ஏன் எழுந்து போக மறுக்கிறார்கள் என்பதையும் இந்த ஏற்பாடு முன்கூட்டியே தெரிவித்துவிடும். மெராபியில் 2010 அக்டோபர், நவம்பரில் மக்கள் இருக்கக்கூடாத விலக்கு எல்லை 10, 15, 20 கிலோமீட்டர் என்று விரிவாக்கப்பட்டதால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. அப்படியும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகாமுக்குப் போனவர்களில் பலர் பகலில் மாடுகளுக்குத் தீனி வைக்கத் திரும்பினார்கள். ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் தொழுவத்தில் கட்டிக்கிடக்கும்போது, உயிரை விட மாடா பெரிது என்று அவர்களிடம் கேட்பது நியாயமாகாது. கால்நடைகளை இறக்கிக் கொண்டுவர வண்டியும், கட்டி வைக்க இடமும், தீனியும் வெளியேற்றத் திட்டத்தில் இருந்திருந்தால் அவர்கள் திரும்பியிருக்கத் தேவை இருந்திருக்காது. எச்சரிக்கைக்கான நிதி என்று நான் சொல்லும்போது இந்தத் தீனியும் அதில் அடங்கும்.

எனவே, எந்த வரிசையில்?

நான் அந்த நிர்வாகத்தின் இடத்தில் இருந்தால், முதல் பணத்தை எச்சரிக்கைச் சங்கிலியிலும், அதற்குத் தேவையான அளவு மட்டுமே ஆன நிலையான கருவிகளிலும் சேர்த்தே போடுவேன். இரண்டையும் பிரிக்க முடியாது: கருவியில்லாத சங்கிலிக்குச் சொல்ல எதுவும் இருக்காது, சங்கிலியில்லாத கருவி ஆர்மெரோவின் வரைபடத்தைப்போல் அலுவலகத்திலேயே கிடக்கும். மலையைச் சுற்றி அரை டஜன் நிலநடுக்கமானிகள், நிலம் உப்புவதைக் காட்டும் ஓரிரு சாய்வுமானிகள், வாயுவை அளக்கும் கருவி ஒன்று, ஆற்றின் மேற்பகுதியில் சேற்று வெள்ளத்தின் அதிர்வை உணரும் கருவிகள் ஆகியவை தொடக்கத்திற்குப் போதும். இதைவிட விரிவான ஆய்வகம் அறிவியலுக்கு அருமையானது. ஆனால் முதல் தொகை முழுவதையும் அது விழுங்கிவிட்டால், ஒத்திகைக்கும் வானொலிக்கும் மாட்டுத் தீனிக்கும் எதுவும் மிஞ்சாது. வாங்கும் செலவை ஒரு முறையும், மின்கலம் மாற்றவும் சாம்பல் துடைக்கவும் இரவுப் பணியாளருக்குச் சம்பளம் தரவும் ஆகும் செலவை ஆண்டுதோறும் வரும் தனி ஒதுக்கீடாகவும் வைக்க வேண்டும். அந்த ஆண்டுச் செலவுக்கு வழியில்லையென்றால் கருவிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக்கொள்வதே மேல்.

இதே வாரத்தில், செலவின்றி, ஆபத்துப் பகுதியில் புதிய பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு எதற்கும் அனுமதியில்லை என்ற ஆணையையும் பிறப்பித்துவிடலாம். கட்டுமானமும் இடமாற்றமும் அடுத்த கட்டத்திற்குப் போகும்.

இந்த வரிசை எல்லா மலைகளுக்கும் பொருந்தாது. மலைவாயில் ஏரி இருந்தால், அதை வடிக்கும் சுரங்கத்துக்கே முதலிடம் தர வேண்டும். கெலுட்டின் 1919ஐயும் 1951ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் எவரும் இதில் தயங்க மாட்டார். குழம்பு மட்டுமே மெல்ல வழியும் மலைகளில் உயிர் பெரும்பாலும் தப்பிவிடுவதால், உடைமையைக் காக்கும் கரைகளுக்கு மதிப்புக் கூடும். மலைவாயிலிருந்து பதினைந்து நிமிடத் தொலைவில் இருக்கும் சிற்றூருக்கோ எச்சரிக்கையால் பெரிய பயன் இல்லை. வயதானவர்களையும் குழந்தைகளையும் எழுப்பி வெளியே கொண்டுவருவதற்கே அந்த நேரம் போய்விடும். அத்தகைய சில ஊர்களுக்கு மட்டும், மெராபியில் செய்ததுபோல், வீட்டைக் கீழே மாற்றி நிலத்தை அவர்களிடமே விட்டுவைக்கும் இடமாற்றத்தை நான் வலியுறுத்துவேன். ஒவ்வோர் ஊருக்கும் கணக்கிட வேண்டியவை இரண்டு: ஆபத்து வந்து சேர எத்தனை நிமிடம், கடைசி மனிதர் மேட்டை அடைய எத்தனை நிமிடம். இரண்டாவது எண்ணை மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ஓர் இரவில், முன்னறிவிப்பில்லாமல், ஊரையே நடக்கவைத்துப் பார்த்தால்தான் அது தெரியவரும்.

வெளியேற்றத்துக்கான விதிகளை எழுதும்போதே திரும்பிவருவதற்கான விதிகளையும் எழுதி, ஊர்க் கூட்டத்தில் வாசித்துக்காட்ட வேண்டும். பான்யோஸ் மக்கள் காவலை மீறியதும், மான்செராட்டில் 1997 ஜூன் 25 அன்று விலக்கு எல்லைக்குள் 19 பேர் இறந்ததும் இந்த இடத்தில்தான் வந்து நிற்கின்றன. மான்செராட்டில் இறந்தவர்களில் தோட்டவேலைக்காக உள்ளே இருந்தவர்களும் உண்டு. ஓராண்டுக்கும் மேலாக நீண்ட விலக்கில், வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி அவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்க வேண்டும். எந்த அபாய நிலையில் பகல்நேர நுழைவு உண்டு, ஒரு நேரத்தில் எத்தனை பேர், எத்தனை மணி வரை, யார் வானொலியோடு உடன் இருப்பார், வண்டி எங்கே மலைக்கு முதுகைக் காட்டி நிறுத்தப்பட்டிருக்கும், அழைப்பு வந்தால் எத்தனை நிமிடத்தில் புறப்பட வேண்டும், அந்த நாட்களின் கூலியை யார் ஈடுசெய்வார் என்பவை அந்த விதிகளில் ஒவ்வொன்றாக இருக்க வேண்டும்.